மேல் நிலையத்து அளவு

அலுவலகத்தில் அவளுக்கு வைத்த பெயர் சந்தேகம். நேரில் மேடம் என்பார்கள். முதுகைத் திருப்பினால், "சந்தேகம் வந்தாச்சா?", "சந்தேகம் சாப்பிடப் போயிருக்கு" என்று பேசிக்கொள்வார்கள். அது அவள் காதிலும் விழுந்திருக்கிறது. கோபம் வரவில்லை. அவள் பார்த்த வேலையே சந்தேகப்படுகிற வேலைதான்.

வெள்ளக் கட்டுப்பாட்டு அலுவலகத்தின் மூன்றாம் மாடியில், படிக்கட்டை ஒட்டிய சிறிய அறை அவளுடையது. நாற்பத்து மூன்று மழைமானிகள், ஒன்பது ஆற்று நிலையங்கள். கால் மணி நேரத்துக்கு ஒரு தடவை அவற்றின் எண்கள் திரையில் வந்து விழும். மழைமானிகளில் பதினேழு, நகரத்து மொட்டைமாடிகளில் இருந்தன. மற்றவை மேலே, ஆறு பிறக்கிற மேட்டு நிலத்தில், பள்ளிக்கூட முற்றத்திலும் பண்ணை வேலிக்குள்ளும் நின்றன. வந்து விழுகிற எண்ணை நம்பலாமா கூடாதா என்று சொல்வது அவள் பொறுப்பு.

ஒரு சமயம் நகரத்து மழைமானி ஒன்று தினமும் காலை ஆறு நாற்பதுக்கு மழை பெய்ததாகச் சொல்லிக்கொண்டிருந்தது. வானத்தில் மேகத்தின் வாடையே இல்லை. கருவி கெட்டுவிட்டது என்று எல்லோரும் சொன்னார்கள். அவள் ஆறரைக்கே அந்த மாடிக்குப் போய் நின்றாள். நான்காவது வீட்டுக்காரி வாளியோடு வந்து, சொட்டச் சொட்ட ஒரு போர்வையை மழைமானியின் தலைக்கு மேலே கொடியில் போட்டாள். "எங்க வீட்டுத் துணி காயறதுல உங்களுக்கு என்னங்க பிரச்சினை?" என்று சண்டைக்கும் வந்தாள்.

அவளுக்கு ஐம்பத்தொரு வயது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அம்மா படுக்கையில் விழுந்தபோது அவளுக்கு இருபத்தெட்டு. அம்மா எழுந்திருக்காமலே பதினேழு வருடம் இருந்தாள். அம்மா போனபிறகு இரண்டு அறை வீடும் அவளும்தான் மிச்சம். தம்பி வேறு ஊரில் குடும்பத்தோடு இருந்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் போன் செய்வான். ஒரு ஞாயிறு தம்பியின் போன் வரவில்லை. சனிக்கிழமை மாலையிலிருந்து திங்கள் காலை வரை தான் வாய்திறந்து பேசியதை அவள் கணக்குப் போட்டுப் பார்த்தாள். பஸ்ஸில் "கொஞ்சம் வழி விடுங்க", கடையில் "இது வேண்டாம், அது" — ஆறு வார்த்தை.

மற்ற ஆறு நாளும் காலை எட்டரைக்கு ஒரு போன் இருந்தது.

ஆற்றின் மேல்கோடியில் இருந்த நிலையத்துக்கு மேல் நிலையம் என்று பெயர். மழைமானி கூரையில் இருந்தது. ஆற்று மட்டத்தைப் பார்க்கப் பாலத்தடியில் ஒரு சென்சாரும், கரைப் படிக்கட்டை ஒட்டி மீட்டர் கணக்கில் எண் எழுதிய அளவுப் பலகையும் இருந்தன. இயந்திரம் எண் அனுப்பினாலும், நாளுக்கு ஒரு முறை மனிதக் கண்ணாலும் பார்த்து ஒப்பிட வேண்டும் என்பது விதி. பார்த்துச் சொல்கிறவர், மோட்டார் அறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர். அவர் வீடு பலகைக்கு நூற்றைம்பது அடி தூரத்தில் இருந்தது. பத்தொன்பது வருடமாக அவள் போன் செய்வாள், அவர் சொல்வார். ஒருவரை ஒருவர் பார்த்ததே இல்லை.

"வணக்கம்மா. ஒண்ணு எண்பத்தாறு. மழை இல்ல."

"நேத்தும் ஒண்ணு எண்பத்தாறுதானே ஐயா?"

"ஆமாம்மா. ஆறும் என்ன மாதிரிதான், இருக்கற எடத்துலயே இருக்கு."

அவ்வளவுதான் பேச்சு. ஒரு நிமிடத்தைத் தாண்டாது. எப்போதாவது, "குரல் கம்மியிருக்கே, சளியா?" என்பார். "இன்னிக்கு லேட்டா? பஸ் வரலையா?" என்பார். அவள் சூடாக ஏதாவது குடித்தாளா என்று கேட்பார், வெறும் வயிற்றோடு இருக்கக்கூடாது என்பார். அவர் பக்கத்தில் எப்போதும் ஒரு அமைதி இருக்கும். பாத்திரச் சத்தமோ டிவியோ வேறு ஒரு மனிதக் குரலோ கேட்டதில்லை. பாவம், இவரும் தனியாள் போலிருக்கிறது என்று அவள் முதல் வருடமே முடிவுகட்டிவிட்டாள். உயரமாக, ஒல்லியாக, சுவரோரம் ஒரே ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறவராக மனதில் வைத்துக்கொண்டாள். எண்களைச் சந்தேகப்பட்ட அளவுக்கு அவள் இதைச் சந்தேகப்படவில்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமை நகரத்தில் நல்ல வெயில். மதியம் ஒன்று பதினைந்துக்கு மேல் நிலையத்து மழைமானி, ஒரு மணி நேரத்தில் அறுபத்தொரு மில்லிமீட்டர் என்று காட்டியது. சுற்றியிருந்த மூன்று மழைமானிகளும் நான்கு, பூஜ்யம், இரண்டு என்றன. பாலத்தடிச் சென்சார் மூன்று வாரமாகச் செத்துக் கிடந்தது. உதிரிப் பாகம் வரவில்லை.

அவள் எழுந்துபோய்ப் பொறுப்பு அதிகாரியிடம் சொன்னாள். அவர் அவளைவிடப் பத்து வயது சின்னவர், கெட்டவர் இல்லை. ஆனால் போன வருடம் சூடு பட்டவர். இதே மாதிரி ஒற்றை மழைமானியை நம்பி எச்சரிக்கை கொடுத்து, ஆற்றோரத்துச் சனம் முந்நூறு குடும்பம் மூட்டை முடிச்சோடு பள்ளிக்கூடத்தில் போய் உட்கார, ஒரு சொட்டுத் தண்ணீர் வரவில்லை. மேலிடத்தில் அவரை வறுத்தெடுத்துவிட்டார்கள்.

"மேடம், நீங்களே எதையும் நம்ப மாட்டீங்க. இத மட்டும் எப்படி நம்பறீங்க?"

"கருவி கெட்டா ஒரேயடியா எகிறும் சார். இது படிப்படியா ஏறியிருக்கு. எட்டு, பதினொண்ணு, பதினெட்டு, இருபத்து நாலு. மழை இப்படித்தான் வரும்."

"இருக்கலாம். ஆத்துல ஏறியிருக்கான்னு ஒரு கண் சாட்சி குடுங்க. உடனே கையெழுத்துப் போடறேன்."

கண் சாட்சிக்கு ஒரே ஒரு ஆள்தான். எட்டரையைத் தவிர வேறு நேரத்தில் அவள் அவரைக் கூப்பிட்டதே இல்லை.

"என்னம்மா, இன்னிக்கு ரெண்டாவது எட்டரையா?" என்றார் பெரியவர். அவர் குரலைத் தகரத்தில் விழுந்த மழை அடித்துக்கொண்டு போயிற்று.

"அங்க மழையா ஐயா?"

"மழையா? வானத்தையே கவுத்து ஊத்தற மாதிரி ஊத்துது!"

"பலகைல எவ்வளவு இருக்குன்னு தெரியுமா?"

"வீட்லேர்ந்து தெரியாதும்மா. எறங்கிப் போகணும்."

"முடிஞ்சா ஒரு தடவை பாத்துட்டுச் சொல்றீங்களா?"

"முடியாம என்ன, குடையை எடுக்கறேன்" என்று வைத்தார்.

கால் மணி நேரத்தில் அவரே கூப்பிட்டார். "மூணு அறுபது. கலங்கலா வருது."

காலையில் அது ஒன்று தொண்ணூறாக இருந்தது. அவள் ஓடினாள். அதிகாரி எண்ணை எழுதிக்கொண்டார். பேனாவை மேசையில் தட்டினார்.

"அபாய அளவு நாலு. இது மூணு அறுபது. ஏறுதா, நின்னுடுச்சா? ஒரு ரீடிங்க வச்சு என்ன சொல்றது? இன்னொண்ணு கேளுங்க மேடம். பத்தே நிமிஷம்."

அவள் வாசலில் ஒரு கணம் நின்றாள். பெரியவருக்கு எழுபது தாண்டியிருக்கும் என்று தோன்றியது. படிக்கட்டு எப்படிப்பட்டது என்று அவளுக்குத் தெரியாது. கீழே ஆற்றோரத்தில் இருக்கிற வீடுகளைத் தெரியும். மேலிருந்து தண்ணீர் வந்து சேர மூன்று மணி நேரம் என்பதும் தெரியும். வந்துவிட்டால் நகரத்துச் சாக்கடைகளின் வழியே ஆறு தெருவுக்குள் திரும்பி ஏறும். அதற்குமுன் மதகுகளை அடைக்க ஒன்றரை மணி நேரம் ஆகும்.

போனை எடுத்தாள். "ஐயா, இன்னும் ஒரே ஒரு தடவை."

அந்தப் பக்கம் யாரோ ஏதோ சொல்வது மழைச் சத்தத்தில் தேய்ந்து கேட்டது. "சரிம்மா" என்றார் அவர்.

இரண்டு மணிக்கு மூன்று நிமிடம் இருக்கும்போது போன் வந்தது. மூச்சு வாங்கியது அவருக்கு. "நாலு இருபது. ஏறுதும்மா, கண்ணு முன்னாடியே ஏறுது. எழுதிக்கோங்க, நாலு இரு..." அதோடு நின்றது. போன் நனைந்துவிட்டது என்று அவள் நினைத்தாள்.

அதிகாரி சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். கையெழுத்து விழுந்தது. மூன்றரைக்குள் மதகுகள் மூடப்பட்டன. ஆற்றோர வீடுகளைக் காலி செய்யப் போனவர்களை, வெயிலைக் காட்டிச் சிரித்தவர்களும் உண்டு, வைதவர்களும் உண்டு. ஐந்து மணிக்கு ஆறு கரைச் சாலையை மூழ்கடித்தது. ஐந்தரைக்குத் தாழ்வான வீடுகளில் ஜன்னல் மட்டத்துக்கு நின்றது. ஒரு உயிர் போகவில்லை. அலுவலகமே கூடி நின்று அதிகாரியின் கையைக் குலுக்கியது. அவர் அவளைக் காட்டி, "எல்லாம் மேடத்தோட வேலை" என்றார். அன்றைக்கு யாரும் சந்தேகம் என்று சொல்லவில்லை.

அவள் கைபேசியைக் காதில் வைத்துக்கொண்டு நின்றாள். பெரியவரின் எண் அணைத்து வைக்கப்பட்டிருப்பதாக ஒரு பெண் குரல் சொல்லிக்கொண்டே இருந்தது.

மறுநாள் எட்டரைக்கும் அதே குரல்தான். அதற்கு மறுநாளும். மேலே போகும் சாலை அரித்துப் போயிருந்ததால் ஜீப் அனுப்ப முடியாது என்றார்கள். மூன்றாம் நாள் அந்தப் பகுதி அலுவலகத்திலிருந்து இரண்டு வரித் தகவல் வந்தது. மேல் நிலையத்து அளவாளர் படிக்கட்டில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தது. அரை மணி நேரம் கழித்து வீட்டார் கண்டெடுத்து மருத்துவமனையில் சேர்த்திருக்கிறார்கள்.

அவள் அந்தத் தாளை மடித்தாள், விரித்தாள், மறுபடி மடித்தாள். முதல் தடவை கேட்டதற்கு நியாயம் இருந்தது. இரண்டாவது தடவையைத்தான் அவளுக்கு எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை தம்பி போன் செய்தபோது சொன்னாள். "நீ என்னக்கா பண்ணுவ? வேலைன்னா அப்படித்தான். அவர் விழுந்ததுக்கு நீ பொறுப்பா?" என்றான் அவன். பிறகு மகனுக்கு எந்தக் கல்லூரியில் இடம் கிடைக்கும் என்று பேச ஆரம்பித்தான். அவள் உம் கொட்டினாள். போனை வைத்தபிறகு அடுப்பைப் பற்றவைத்தாள். எதற்குப் பற்றவைத்தோம் என்று மறந்துபோய் அணைத்தாள்.

அவர் வீடு திரும்பிவிட்டார் என்று தெரிந்து, நான்கு வாரம் கழித்து அவள் ஒருநாள் விடுப்புப் போட்டுப் பஸ் ஏறினாள். பத்தொன்பது வருடமாகத் திரையில் எண்ணாக மட்டும் பார்த்த நிலையங்கள் ஜன்னலுக்கு வெளியே ஒவ்வொன்றாக வந்தன. இருபத்து நான்காம் மழைமானி எப்போதும் பக்கத்தில் இருப்பவற்றைவிடக் கொஞ்சம் குறைத்தே காட்டும். பள்ளிக்கூட வளைவில் பஸ் திரும்பும்போது பார்த்தாள், அதன் தலைக்கு நேரே ஒரு மரக்கிளை வளர்ந்து குடை பிடித்துக்கொண்டிருந்தது. வழக்கமாக என்றால் உடனே குறித்துக்கொண்டிருப்பாள். அன்று பையைத் திறக்கக்கூடத் தோன்றவில்லை.

வீட்டைக் கண்டுபிடிக்கச் சிரமப்படவில்லை. வாசலிலேயே எட்டுப் பத்துச் செருப்புகள் கிடந்தன. உள்ளே இரண்டு மகன்கள், இரண்டு மருமகள்கள், ஐந்து பேரப் பிள்ளைகள், பெரியவரின் மனைவி, யாரோ ஒரு மச்சான். டிவி ஒரு பக்கம் கத்தியது, பிள்ளைகள் ஒரு பக்கம் கத்தின. வந்தது யார் என்று தெரிந்ததும் மூத்த பேத்தி உள்பக்கம் திரும்பி உரக்கச் சொன்னாள்:

"பாட்டி, எட்டரை மணி அக்கா வந்திருக்காங்க!"

அவள் புரியாமல் நிற்க, பெரியவரின் மனைவி சிரித்தாள். "உங்களுக்கு எங்க வீட்ல அதாம்மா பேரு. எட்டரை ஆச்சுன்னா ஒருத்தரும் மூச்சு விடக்கூடாது. டிவிய நிப்பாட்டு, பாத்திரத்த வை, பிள்ளை வாயப் பொத்து. அவருக்குக் காது வேற மந்தமா, ஸ்பீக்கர்ல போட்டுத்தான் பேசுவாரு. நாங்க எல்லாரும் சுத்தி நின்னு கேப்போம். உங்க குரல் எங்க எல்லாருக்கும் மனப்பாடம்."

அவள் சிரிக்க முயன்றாள். இந்த அமைதியைத்தான் பத்தொன்பது வருடம் அவருடைய தனிமை என்று நினைத்திருந்தாள். தனக்கும் அவருக்கும் மட்டும் என்று எண்ணிய அந்த ஒரு நிமிடத்தில் பத்துப் பேர் நின்றுகொண்டிருந்திருக்கிறார்கள். முகம் சுடுவது போலிருந்தது.

பெரியவர் கட்டிலில் தலையணைகளுக்கு நடுவே சாய்ந்திருந்தார். குள்ளமாக, உருண்டையாக, தலையில் ஒரு முடியில்லாமல் இருந்தார். குரல் மட்டும் அதே குரல்.

"வாங்கம்மா. நான் நெனச்சத விட உயரமா இருக்கீங்க."

"மன்னிச்சிருங்க ஐயா" என்றாள் அவள். வரும் வழியெல்லாம் தயார் செய்து வைத்த பேச்சில் அந்த இரண்டு வார்த்தைதான் வெளியே வந்தது.

"எதுக்கு? படி வழுக்கினதுக்கா? அது எங்க ஊர்ப் படிம்மா, நீங்க கட்டினதா?" என்று கையை ஆட்டினார். பிறகு ஏதோ நினைவு வந்தவராக, "ஒரு அளவு பாக்கி இருக்கு. கீழ கெடந்தப்ப பலகை கண்ணுக்கு நேரா இருந்துச்சு. வேற பாக்கறதுக்கும் ஒண்ணுமில்ல. தண்ணி கால் வரைக்கும் வந்து நின்னுச்சு. நாலு அறுபத்தஞ்சு. அதுக்கு மேல ஏறல. எழுதிக்கிறீங்களா?"

அவள் பையிலிருந்து நோட்டை எடுத்தாள். பழக்கத்தில் வாய் தானாகக் கேட்டது: "எத்தனை மணிக்கு ஐயா?"

"அது தெரியலையேம்மா."

நேரம் இல்லாத அளவைப் பதிவில் ஏற்ற முடியாது. அவள் அதை அவரிடம் சொல்லவில்லை. நாலு அறுபத்தைந்து என்று எழுதி, நேரத்துக்கான இடத்தை வெறுமனே விட்டாள்.

சாப்பிடாமல் விடமாட்டோம் என்று உட்காரவைத்தார்கள். தட்டைச் சுற்றி எல்லோரும் ஒரே சமயத்தில் பேசினார்கள். எதைக் கேட்பது, யாருக்குப் பதில் சொல்வது என்று அவளுக்குப் பிடிபடவில்லை. பஸ் நிறுத்தம்வரை கொண்டுவிட இளைய மருமகள் கூட வந்தாள். அன்று மாமனாரைப் படியில் கண்டெடுத்தவள் அவள்தான். கொஞ்ச தூரம் நடந்தாள். பிறகு நின்றாள்.

"அக்கா, மனசுல வச்சுக்கிட்டு இருக்க முடியல, கேட்டுடறேன். மொத தடவை போனாரு, சரி. ரெண்டாவது தடவையும் எதுக்குக் கேட்டீங்க?"

"ஒரு அளவு போதாதுன்னுட்டாங்க."

"போகாதீங்க மாமான்னு நான் கையப் பிடிச்சு இழுத்தேன். போன்ல உங்களுக்கும் கேட்டிருக்கும்."

"கேட்டுச்சு" என்றாள் அவள். "என்ன சொன்னீங்கன்னு புரியல. ஆனா கேட்டுச்சு."

மருமகள் மறுபடி நடக்க ஆரம்பித்தாள். "உங்களத் திட்டணும்னுதான் கூட வந்தேன். அவர் என்ன சொல்லிட்டுப் போனாரு தெரியுமா? 'அந்தப் பொண்ணு தனியாளு. ஒத்தையா உக்காந்துக்கிட்டு ஊருக்கே பதில் சொல்லணும். நான் சொல்லாட்டி அதுக்கு யாரு சொல்லுவா'ன்னாரு."

நான் தனியாள் என்று அவரிடம் சொன்னதே இல்லையே என்று கேட்க வாயெடுத்தாள். பஸ் வந்துவிட்டது. கடைசி வரிசையில் இடம் கிடைத்தது. நகரம் வரும்வரை அவள் முந்தானையால் முகத்தை மூடியபடி வந்தாள். தூங்குகிறாள் என்று நினைத்து, கண்டக்டர் நிறுத்தம் வந்ததும் தட்டி எழுப்பினார்.

அடுத்த வாரம் ஒரு மனு எழுதினாள். பலகையில் மூன்று மீட்டருக்கு மேல் தண்ணீர் ஏறிவிட்டால் எந்த அளவாளரும் படியில் இறங்கக்கூடாது. இறங்கச் சொல்லி அலுவலகத்திலிருந்து எவரும் கேட்கவும் கூடாது. ஒன்பது நிலையங்களிலும் மேட்டிலிருந்தே கண்ணுக்குத் தெரிகிற மாதிரி பெரிய பலகை வைக்க வேண்டும். அதிகாரி படித்துப் பார்த்து, இரண்டாவது வரியில் விரலை வைத்தார்.

"இது வேணுமா மேடம்? நம்ம மேலயே நாம புகார் குடுத்த மாதிரி இருக்கு."

"அந்த வரிக்காகத்தான் சார் மத்த ரெண்டையும் எழுதினேன்."

அவர் தாளை மறுபடி முதலிலிருந்து படித்தார். இன்னொரு அளவைக் கேட்டது அவரும்தான் என்பதை இருவருமே சொல்லவில்லை. கையெழுத்துப் போட்டு மேலே அனுப்பினார். மேலே போன தாள் மேசை மேசையாகத் தூங்கியது. அவள் வாரம் ஒரு தடவை போய்த் தட்டி எழுப்பினாள். "சந்தேகம் இப்ப நச்சரிப்பா மாறிடுச்சு" என்று பேசிக்கொண்டார்கள். ஐந்தாம் மாதம் உத்தரவு வந்தது.

மேல் நிலையத்தில் அளவு பார்க்கிற வேலையை இளைய மருமகள் ஏற்றுக்கொண்டாள். போன் வேண்டாம், கைவேலையாக இருப்பேன், மெசேஜ் போட்டுவிடுகிறேன் என்றாள். ஒருநாள் தவறாமல் போட்டாள். ஒன்று தொண்ணூற்று நான்கு, மழை இல்லை. இரண்டு பூஜ்யம் ஒன்று, மழை மூன்று. எண்களில் பிழை இருக்காது. அவள் பார்த்துப் பதிவில் ஏற்றுவாள். எட்டரைக்குப் பிறகு அடுத்த கால் மணி வரை அறையில் செய்வதற்கு ஒன்றும் இருக்காது.

புதுப் பலகை நட்ட அன்று ஜீப்பில் அவளும் போனாள். மஞ்சள் நிறத்தில், கை அகலத்துக்கு எண்கள். பெரியவரின் வீட்டு வாசலில் நின்று ஒவ்வொரு எண்ணும் தெரிகிறதா என்று பார்த்தாள். ஒரு வேலையாளைக் கீழே அனுப்பிச் சரிபார்த்தாள், மறுபடியும் பார்த்தாள். பெரியவர் ஊன்றுகோலோடு வாசல்வரை வந்திருந்தார். "போதும்மா, வெள்ளமே சலிச்சுப் போய்த் திரும்பிடும்" என்றார். வீட்டுக்குள் வரச் சொன்னார்கள். ஜீப் டிரைவர் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார். இன்னொரு நாள் வருகிறேன் என்றாள். எந்த நாள் என்று யாரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

திரும்பும்போது வேலையாட்கள் பின்னால் உட்கார்ந்து தங்களுக்குள் ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டே வந்தார்கள். அவள் முன் இருக்கையில் மடியில் பையோடு இருந்தாள். தெருமுனையில் இறக்கிவிட்டார்கள். மாலை ஐந்து மணி, இன்னும் வெளிச்சம் இருந்தது. மாடியேறிப் பூட்டைத் திறந்தாள். செருப்பைக் கழற்றி வாசலோரமாக வைத்தாள். ஜன்னலைத் திறந்துவிட்டு, வெறும் வயிற்றோடு இருக்கக்கூடாது என்று தனக்குத்தானே சத்தமாகச் சொல்லிக்கொண்டு, ஒருத்திக்கு வேண்டிய அரிசியை அளந்து எடுத்தாள்.